இயந்திரத்துக்குக் காப்பு, மனிதருக்கு அறிவுரை

மரக்காணம் உப்பளக் கரையில் உள்ள கல்விக்கூடங்களின் கணினி ஆய்வகங்களுக்குள் நுழைவோர் முதலில் காண்பது பெரும்பாலும் ஓர் அறிவிப்புப் பலகையைத்தான். காலணியை வெளியே விடவும். தண்ணீர்ப் புட்டி கொண்டுவரக் கூடாது. தின்பண்டங்களுக்கு அனுமதி இல்லை. சொல்லாமல் எதையும் தொடக் கூடாது. தமிழகத்தின் மற்ற ஊர்களிலும் பலகையின் வாசகம் ஏறத்தாழ இதுவே. இவ்விதிகளுள் ஒன்றேனும் அங்கே அமர்ந்து பயிலும் பிள்ளையின் உடலைக் காப்பதற்காக எழுதப்பட்டதா என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். எல்லாம் இயந்திரத்தின் நலம் கருதி எழுதப்பட்டவை. மனிதரால் இயந்திரத்துக்கு நேரக்கூடிய தீங்குகளைப் பற்றி நாம் விரிவாகச் சிந்தித்திருக்கிறோம். இயந்திரத்தாலும் அறையாலும் மனிதருக்கு நேரக்கூடியவற்றைப் பற்றிச் சிந்திக்கவில்லை.

இவ்விதிகளுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. கணினி அரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் இருந்த நாட்களில் தூசு அதற்குப் பகை என்றார்கள். குளிரூட்டியை மாட்டியதும் அதன் பொருட்டே. மனிதர்கள் அக்குளிரில் தற்செயலாகப் பங்கு பெற்றார்கள். பக்தியும் உடன் சேர்ந்துகொண்டது. ஆயுத பூஜையன்று கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அதன்முன் செருப்போடு நிற்க மனம் ஒப்பவில்லை. இன்றோ கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உப்பள வரப்பின்மேலேயே நடக்கிறோம். தூசுக்கு அஞ்சிய காலம் போயிற்று. விதி மட்டும் போகவில்லை.

உப்பளக் கரையில் இது வெறும் மரியாதை பற்றிய கேள்வி அன்று. கடற்காற்றில் கலந்து வரும் உப்பு இரும்பைத் தின்னும். செம்பைப் பச்சை பூக்கவைக்கும். ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மின்கம்பியின் முனையும், எர்த் குழாயோடு கம்பியைப் பிணைக்கும் பட்டையும் துருப்பிடிப்பது தெரிவதில்லை. எர்த் போடும் பழைய முறையையே எடுத்துக்கொள்வோம். குழி தோண்டி, இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி அடுக்கி மூடுவார்கள். மண்ணின் மின்தடையைக் குறைப்பதற்காகவே அந்த உப்பு. தடையைக் குறைக்கும் அதே உப்பு நாளடைவில் குழாயையும் அரித்துவிடும். ஆகவே எர்த் என்பது ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடத் தக்கதன்று. ஆண்டுதோறும் கோடையில், மண் காய்ந்திருக்கும் காலத்தில், அதன் தடையை அளந்து பார்க்க வேண்டும். பிணைப்புகளைச் சுரண்டித் துடைத்து இறுக்க வேண்டும்.

அளந்து பார்க்காத எர்த்தை நம்பி, உலோகப் பெட்டியின் முன், வெறுங்காலும் வியர்த்த கையுமாகப் பிள்ளைகளை நாம் அமர்த்துகிறோம். ஈரமும் வியர்வையின் உப்பும் தோலின் மின்தடையைக் குறைக்கும் என்பது இயற்பியலின் தொடக்கப் பாடம். காலுக்கும் தரைக்கும் இடையே ஒரு ரப்பர்ச் செருப்பு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை எந்த மின்பணியாளரும் சொல்வார். கசிவு 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் சிறு கருவி ஒவ்வோர் ஆய்வகத்தின் மின்பலகையிலும் இருக்க வேண்டும். அது இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை யாரேனும் அழுத்திப் பார்த்ததுண்டா என்று கேளுங்கள். கேட்பவரை விநோதமாகப் பார்ப்பார்கள். உப்புநீர்ப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்கும் தாயின் மகள், அதிலிருந்து தப்பிப்பதற்காகப் படிக்க வந்த அறையிலும் வெறுங்காலோடு நிற்கிறாள். தாயின் பாதத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. மகளின் பாதத்தையோ தூசு என்று சொல்லி வெளியே நிறுத்துகிறோம்.

சுவரின் மறுபக்கத்தில் இன்னொரு படம் மாட்டப்பட்டிருக்கலாம். பாடநூலிலும் அதன் சாயல் உண்டு. கணினியின் முன் நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கை மேசை மட்டத்தில் செங்கோணமாக மடிந்திருக்கட்டும். பாதங்கள் தரையில் படியட்டும். திரையின் மேல்விளிம்பு கண்ணின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். அறிவுரைகள் எல்லாம் சரியானவையே. ஆனால் படத்தில் இருக்கும் மனிதருக்கு முதுகுச் சாய்வுள்ள, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய நாற்காலி உண்டு. படத்தைப் பார்க்கும் மாணவிக்கு முக்காலிதான் உண்டு. மேசை பெரியவரின் உயரத்துக்குச் செய்தது. அவள் தோளைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்கிறாள். கால் தரையை எட்டவில்லை. ஓர் இயந்திரத்துக்கு இருவர், மூவர் என்று அமர்வதால் நடுவில் இருப்பவளைத் தவிர மற்றவர்கள் கழுத்தைத் திருகிக்கொண்டே திரையைப் பார்க்கிறார்கள். இந்நிலையில் ‘நிமிர்ந்து உட்கார்’ என்பது அறிவுரை அன்று. பழியைப் பிள்ளையின்மேல் இறக்கிவைக்கும் தந்திரம். நாளை கழுத்து வலித்தால் குற்றம் அவளுடையது. படம்தான் மாட்டியிருந்தோமே!

தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது அது ஏழை வீடுகளில் ஏற்படுத்திய மாற்றத்தைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயலாகும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தைக் கொடுத்தோம், அதை வைக்க மேசையைக் கொடுக்கவில்லை. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியவை. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் கை தொங்கும். நான்கு தடித்த புத்தகங்களின்மேல் அதை ஏற்றி வைத்து, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொண்டால் தீர்ந்தது. செலவு சில நூறு ரூபாய். அந்தச் சில நூறு ரூபாயை எந்தத் திட்டத்திலும் யாரும் எழுதுவதில்லை. ஏனெனில் கல்லூரியை ஆய்வு செய்ய வரும் குழு எத்தனை கணினிகள் என்று எண்ணுமே தவிர, எத்தனை நாற்காலிகள் என்று எண்ணுவதில்லை.

கண்ணைப் பற்றிய கதையும் இதுவே. நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கும் கண், திரையை உற்று நோக்கும்போது அதில் பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் இமைக்கிறது. கண் உலர்கிறது, எரிகிறது, மங்குகிறது. இமைப்பதும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 நொடி பார்ப்பதும், மின்விசிறியின் காற்று நேரே முகத்தில் படாமல் அமர்வதுமே இதற்கான எளிய மருந்துகள். மரக்காணத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வெண்ணிற உப்புக் குவியல்களின்மேல் பட்டுத் தெறிக்கும் வெயில், ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்த திரையில் விழுந்து எழுத்தையே அழித்துவிடும். ஜன்னலைப் பின்னால் கொண்ட திரையோ பார்ப்பவரின் கண்ணைக் கூசவைக்கும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு மேசைகளைத் திருப்பிப்போட ஒரு பிற்பகல் போதும். அதைச் செய்யாமல் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கச் சொல்லிப் பெற்றோரை அனுப்புகிறார்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அக்கண்ணாடிகள் குறுகிய காலத்தில் கண்சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறிற்று. அறை செய்ய வேண்டியதைச் செய்யாமல், உப்பு வாரிச் சேர்த்த கூலியைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

இன்னும் கடுமையான ஒன்று இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். சமையற்கூடத்தில் பற்றிய தீ ஓலைக் கூரைக்குப் பரவிற்று. அதன்பின் பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரைகளை அகற்றினோம். ஓலை ஆபத்தானது என்ற பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டோம். வெளியேற வழியில்லாத அறை ஆபத்தானது என்ற பாடத்தைக் கற்கவில்லை. கணினி ஆய்வகத்தைப் பாருங்கள். திருட்டுக்கு அஞ்சி ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. குளிர் வெளியேறாதிருக்க அடைத்த கதவுகள். போக வர ஒரே வாசல், அதற்கும் இழுத்துப் பூட்டும் கம்பிக் கதவு. அறையின் மூலையில் மின்தடையைச் சமாளிக்கும் மின்கலங்கள். ஈய அமில மின்கலம் மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதற்குக் காற்றோட்டமுள்ள தனியிடம் வேண்டும். மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. புயலுக்குப் பின் ஊறிப்போன சுவரில் உள்ள இணைப்புகளை மின்பணியாளர் பார்த்து முடிக்கும் முன்னரே வகுப்புகளைத் தொடங்கும் அவசரம் எங்கேனும் தலைகாட்டுமானால், அங்கும் காப்பாற்றப்படுவது பாடவேளைக் கணக்கே ஒழியப் பிள்ளை அன்று.

இவ்வளவையும் சொன்னவுடன் ஒரு மறுப்பு வரும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அம்மறுப்புத்தான். “உப்பளத்தில் வெயிலில் வேகிறவர்களைப் பாருங்கள். உப்புநீரில் பாதம் வெடித்து, கண் எரிந்து, தலையில் சுமை தூக்குகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து விசையைத் தட்டுகிறார்கள். கரையேறிவிட்டவர்களுக்கு இன்னும் என்ன குறை?” நல்ல மனிதர்கள்கூட இப்படிக் கேட்கிறார்கள். உப்பளத் தொழிலாளியின் துன்பத்தின்மேல் இரக்கம் கொண்டவர்போல் தோன்றும் இக்கேள்வி, உண்மையில் அவருக்காக ஒரு துரும்பையும் அசைப்பதில்லை. அவருடைய வெடித்த பாதத்தை எடுத்துக் காட்டி அவருடைய மகளின் வாயை அடைப்பதே அதன் வேலை. அதே வாய்கள் உப்பளத் தொழிலாளி நிழற்குடிலும் குடிநீரும் கேட்கும்போது, வேலையே இல்லாதவர்களைப் பார் என்று சொல்லும். ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவரைக் காட்டிக்கொண்டே போகலாம். கடைசிவரை யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியிராது.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாத்சினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொழில்சார் மருத்துவத்தின் தொடக்கமாக அதனைக் கருதுவர். நோயாளியிடம் ‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்ற கேள்வியையும் மருத்துவர் கேட்க வேண்டும் என்றவர் அவர். அந்நூலில் உப்பு விளைவிப்போரின் நோய்களுக்கு ஓர் இயல் உண்டு. நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு ஓர் இயல் உண்டு. உட்கார்ந்தே வேலை செய்வோருக்கும் ஓர் இயல் உண்டு. 1713இல் வந்த விரிவான பதிப்பில் ஓயாமல் எழுதும் எழுத்தர்களையும் சேர்த்தார். உப்பளத்தாரைப் பார்த்த கண்ணால் அவர் எழுத்தரைப் பழிக்கவில்லை. உழைப்பு எவ்வாறு உடலில் எழுதப்படுகிறது என்பதையே இருவரிடமும் பார்த்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே நூலின் இரு பக்கங்களாக இருந்தவர்களை நாம் ஏன் எதிரெதிரே நிறுத்துகிறோம்?

சட்டத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்யக் கடமைப்பட்டவர்களுக்கு உட்கார வசதி செய்து தரவேண்டும் என்றது. உப்பளம் தொழிற்சாலையா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கில் 1961இல் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிற்று: கடல்நீரை உப்பாக்குவது உற்பத்தியே, கட்டடம் இல்லாத திறந்தவெளிப் பாத்திகளும் தொழிற்சாலை வளாகமே. சுவரில்லாத இடத்துக்கும் சட்டம் செல்லும் என்றால் சுவருள்ள அறைக்குள் செல்லத் தயங்குவானேன்? கடைகளில் நாள் முழுதும் நின்ற பெண்களுக்கு அந்த நாற்காலி கிடைக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. கோழிக்கோட்டுக் கடைத்தெருப் பெண்கள் போராடியதன் பயனாகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்திற்று. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை உரிமையைச் சேர்த்தது. நாற்காலி என்பது முதலாளியின் தயவு அன்று, உரிமை என்று சட்டம் ஒப்புக்கொண்ட நிகழ்வு அது. எந்தச் சுவரொட்டியாலும் ‘வலியைத் தாங்கப் பழகுங்கள்’ என்ற அறிவுரையாலும் அது வரவில்லை.

ஆனால் சட்டம் முன்னோக்கி மட்டுமே நடப்பதில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான ஆள் வரம்பை மின்விசை உள்ள இடங்களில் 10இலிருந்து 20ஆகவும், இல்லாத இடங்களில் 20இலிருந்து 40ஆகவும் உயர்த்திவிட்டது. சிறிய உப்பளங்களில் வேலை செய்வோர் இதனால் எங்கே நிற்பார்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாம். மாணவரோ எந்தச் சட்டத்திலும் தொழிலாளி அல்லர். ஆறு மணி நேரம் அதே முக்காலியில் அமர்ந்து அதே திரையைப் பார்த்தாலும், அவருடைய முதுகுக்குச் சட்டத்தில் பெயரில்லை.

இலக்கியப் பத்திரிகை வாசிப்போரிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்று கேட்கலாம். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். அதே பாட்டில் உமணரின் வண்டியோடு வந்த மந்தி அவர்தம் சிறாரோடு விளையாடும் காட்சி வருகிறது. அக்காட்சியை வகுப்பில் எத்தனை முறை வியந்து விளக்கியிருப்போம்! உமணரின் சிறார் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். மந்தியின் அழகைச் சொன்ன வாய், அச்சிறாரின் கால் தரையை எட்டுகிறதா என்று கேட்பதில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே சென்று பார்த்து ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அந்நாவலைப் பாராட்டும் நம்மில் பலருக்கு உப்பளம் என்பது வேறெங்கோ உள்ள துன்பம். கண்ணீரோடு வாசித்துவிட்டு மூடிவைக்க வேண்டியது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் வகுத்தார்கள். அது பாட்டுக்கு வகுத்த இலக்கணம். நிர்வாகத்துக்கும் அதுவே இலக்கணமாகிவிட்டால் எப்படி?

ஆகவே இரங்குவதை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். ஆய்வகத்தின் வாசலில் செருப்பை விடச் சொல்லும் விதி போகட்டும். தூசுக்கு ஒரு மிதியடி போதும், இல்லையேல் உள்ளே அணிய ரப்பர்ச் செருப்பை நிர்வாகமே தரட்டும். எர்த் தடையை அளந்த நாளும் அளவும் மின்பலகையின் அருகே எழுதி ஒட்டப்படட்டும். ஆர்.சி.சி.பி. மாதந்தோறும் சோதிக்கப்படட்டும். முக்காலிகள் போய்ச் சாய்வு நாற்காலிகள் வரட்டும்; கால் எட்டாத பிள்ளைக்கு ஒரு மரப்பலகை கிடைக்கட்டும். மேசைகள் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திரும்பட்டும். மின்கலங்கள் அறையை விட்டு வெளியேறட்டும். வெளிப்புறமாகத் திறக்கும் இரண்டாவது கதவும், மின்தீயை அணைக்கத் தக்க கரியமிலவாயு அணைப்பானும் வரட்டும். வகுப்பு நடக்கும் வரை கம்பிக் கதவில் பூட்டுத் தொங்கக் கூடாது. ஆய்வுக் குழுவினர் கணினியை எண்ணுவதற்கு முன் நாற்காலியை எண்ணட்டும். இவற்றுள் எதற்கும் வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்கு உள்ளூர்த் தச்சரும் மின்பணியாளரும் போதும்.

இவற்றைச் செய்து முடித்த பிறகு அந்தப் படத்தைச் சுவரில் மாட்டலாம். நாற்காலி கொடுத்தவருக்கு ‘நிமிர்ந்து உட்கார்’ என்று சொல்லும் தகுதி உண்டு. கொடுக்காதவர் அறிவிப்புப் பலகையைக் கழற்றிவிட்டு, முதலில் தாமே அந்த முக்காலியில் ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து பார்க்கட்டும்.